பன்னிரண்டு வயது மகளின் கையில் பெரியவர்களுக்கான திகில் நாவல்: எதை வைத்து முடிவெடுப்பது?

மணற்கடிகாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. கையில் கிடைப்பது எதுவானாலும் படித்துவிடுகிற பிள்ளை. சென்ற வாரம் அவளுடைய பையில் ஏறத்தாழ அறுநூறு பக்கமுள்ள ஒரு திகில் நாவலைப் பார்த்தேன். அவளுடைய தோழியின் அண்ணன் வாங்கியது. முழுக்கப் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. நான் பார்த்தபோது எண்பதாம் பக்கம்வரை படித்து முடித்திருந்தாள். நடுவில் இரண்டு அத்தியாயங்களை நின்றபடியே படித்துப் பார்த்தேன். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் எனக்குக் கவலை கூடியது.

புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. "ஒரு வாரம் கொடு, நானும் முழுதாகப் படித்துவிட்டுப் பேசுகிறேன்" என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவள் கொடுத்துவிட்டாள் என்றாலும் முகம் வாடிவிட்டது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவளுடைய தம்பிக்கு ஏழு வயது. இருவரும் ஒரே அறையில் படுத்துக்கொள்பவர்கள். தான் படித்தவரையிலான கதையை அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். மூன்று நாள்களாக அவன் குளியலறைக்குத் தனியாகப் போவதில்லை. அவளோ படுத்த உடனே தூங்கிவிடுகிறாள்.

படிக்கலாம் என்றோ கூடாது என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டி இதை எழுதவில்லை. வயதைப் பார்ப்பதா, புத்தகத்தைப் பார்ப்பதா, பிள்ளையின் சுபாவத்தைப் பார்ப்பதா என்பதைத்தான் அறிய விரும்புகிறேன். இந்தக் கேள்வியைக் கடந்து வந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நள்ளிரவு வாசகன் எழுதியது:

சகோதரி, அவளைப் படிக்க விடுங்கள் என்பதே என் கருத்து. நான் பதினொரு வயதில் போர்வைக்குள் கைவிளக்கை வைத்துக்கொண்டு படித்தவன். திகில் கதைகள் கிடைக்காமல் போயிருந்தால் நான் வாசகனாகவே ஆகியிருக்க மாட்டேன். அறுநூறு பக்கத்தை ஒரு பிள்ளை தானாக விரும்பிப் படிக்கிறது என்றால், அதைப் படிக்க வைப்பது அடுத்தது என்ன என்று அறியும் தவிப்புதான். அந்தத் தவிப்பை வேறு எந்த வகை எழுத்தும் அவ்வளவு எளிதாக ஊட்டிவிடுவதில்லை.

திரைப்படத்துக்கும் நாவலுக்கும் உள்ள வேறுபாட்டையும் கருத வேண்டும். திரையில் உருவம் முழுதாக வந்து முகத்தில் அறைகிறது. கண்ணை மூடிக்கொள்வதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது. நாவலிலோ, எழுத்தாளர் சொல்வதை நம் மனம்தான் உருவமாக வரைந்துகொள்கிறது. தனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் பிள்ளையால் வரைய முடியும். வேகமும் வாசிப்பவர் கையில்தான் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பக்கத்தைத் தள்ளலாம், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே விளையாடப் போகலாம். இந்தப் பாதுகாப்பு வேறு எந்த ஊடகத்திலும் இல்லை.

பள்ளி நூலகர் எழுதியது:

நள்ளிரவு வாசகனின் இரண்டாவது பத்தியோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். முதல் பத்தியைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். "நான் படித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பதை இருபது ஆண்டுகளாக நூலக மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டு வருகிறேன். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிய செய்தி. அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்துவிட்டதால், அன்றைய இரவுகளைத் தனக்குப் பிடித்த மாதிரி நினைவில் வைத்துக்கொண்டிருக்கவும் கூடும்.

பெற்றோர் பலர் நம்பி ஏமாறுவது வாசிப்பு நிலை எண்களை. சில புத்தகங்களோடு தரப்படும் அந்த எண்கள் வாக்கியத்தின் நீளம், சொற்களின் கடினம் போன்றவற்றைத்தான் அளக்கின்றன. உள்ளே நடப்பது என்ன என்பதை அவை அளப்பதில்லை. எளிய நடையில் எழுதப்பட்ட கொடூரமான நாவல் ஒன்றுக்கு, பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்று பொருள்படும் எண் கிடைத்துவிடும். திரைப்படங்களுக்குப் பல நாடுகளில் வயதுச் சான்று உண்டு. நாவலுக்குப் பொதுவாக அப்படி எதுவும் இல்லை. 'இளையோர் நாவல்' என்று அட்டையில் போட்டிருந்தாலும் அந்தச் சொல் பன்னிரண்டு வயதையும் பதினெட்டையும் ஒன்றாக அள்ளிக்கொள்கிறது. ஆகவே யாராவது ஒரு பெரியவர் அந்தக் குறிப்பிட்ட புத்தகத்தைப் படித்துப் பார்ப்பதற்கு மாற்று வழி எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள், சகோதரி.

ஓவியங்கள் உள்ள புத்தகம் என்றால் 'மனம் தனக்குத் தெரிந்ததைத்தான் வரையும்' என்ற வாதம் நிற்காது. ஆல்வின் ஷ்வார்ட்ஸ் நாட்டுப்புறப் பேய்க்கதைகளைத் தொகுத்து, 1981 முதல் 1991 வரை மூன்று நூல்களாகப் பிள்ளைகளுக்கென்று வெளியிட்டார். கதைகள் மிகச் சிறியவை. முகாமில் தீயைச் சுற்றி உட்கார்ந்து சொல்லும் தரத்தில் இருப்பவை. ஆனால் அவற்றுக்கு ஸ்டீஃபன் கேமல் வரைந்த ஓவியங்கள் கதைகளைக் காட்டிலும் பல மடங்கு அச்சமூட்டின. 1990 முதல் 1999 வரை அமெரிக்காவில் நூலகங்களிலிருந்து நீக்கும்படி மிக அதிகமாக முறையிடப்பட்ட நூல்களின் பட்டியலில் அந்த வரிசைக்குத்தான் முதலிடம். பிறகு வேறொருவரின் மென்மையான ஓவியங்களோடு ஒரு பதிப்பு வந்தபோது, சிறுவயதில் அதைப் படித்து நடுங்கிய வாசகர்களே பழைய ஓவியங்களைத் திரும்பக் கேட்டார்கள். அவை திரும்பியும் வந்தன. இரண்டு தரப்புக்கும் இதில் சான்று இருக்கிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அந்த ஓவியங்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தின என்பதும் உண்மை, அந்தப் பயத்தை அவர்கள் நேசித்தார்கள் என்பதும் உண்மை.

ஆற்றங்கரை எழுதியது:

நான் பிள்ளைகளுக்கான உளநல ஆலோசகராகப் பணிபுரிகிறேன். உங்கள் மகனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது உதவி தேவைப்படுவது அவனுக்குத்தான்.

ஏழு வயதுவரையிலான பிள்ளைகள் பெரும்பாலும் தோற்றத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். கோரமான முகம், திடீரென்று உருமாறும் உடல், கட்டிலுக்கு அடியிலிருந்து நீளும் கை ஆகியவை அவர்களுக்கு நடக்கக்கூடியவையாகவே தோன்றும். "இது வெறும் கதைதான்" என்ற விளக்கம் அந்த வயதில் பயன்படுவது மிகக் குறைவு. கதை என்று அவன் ஒப்புக்கொள்வான். ஒப்புக்கொண்டபடியே குளியலறை வாசலில் நிற்பான். அவனுக்கு வேண்டியது கூடவே வரும் ஒரு பெரியவர், எரியும் ஒரு விளக்கு, சில நாள்கள் பொறுமை. "இவ்வளவு பெரிய பையன் பயப்படலாமா" என்று மட்டும் யாரும் கேட்டுவிட வேண்டாம். படித்த கதையைத் தம்பியிடம் சொல்லக் கூடாது என்று மகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதைத் தண்டனையாகச் சொல்லாமல், அவள் மூத்தவள் என்பதற்கான பொறுப்பாகச் சொன்னால் பெருமையோடு ஏற்றுக்கொள்வாள்.

ஒன்பது, பத்து வயதுக்கு மேல் அச்சம் இடம் மாறுகிறது. உருவத்தைக் கண்ட பயம் குறைந்து, உண்மையில் நடக்கக்கூடியதைக் குறித்த பயம் வருகிறது: திருடன், விபத்து, தீ, பெற்றோரின் சாவு. பதின்பருவம் நெருங்கும்போது இன்னும் நுட்பமான பயங்களும் சேர்ந்துகொள்கின்றன: நண்பர்கள் ஒதுக்கிவிடுவார்களோ, என் உடல் எனக்கே அந்நியமாகிறதோ, நான் கெட்டவளாக மாறிவிடுவேனோ என்பவை. ஆகவே பேய் வருகிறதா என்று பார்த்துப் புத்தகத்தை எடைபோடும் பெற்றோர், தங்கள் பன்னிரண்டு வயது மகளை ஏழு வயது மகனின் கண்ணால் பார்க்கிறார்கள். அவளை உலுக்கக்கூடியது பேய் வராத ஒரு பக்கமாகக்கூட இருக்கலாம்.

திகில் படிப்பவர்கள் மனவலிமை பெறுகிறார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. விரும்பித் தேடிக்கொள்ளும் அச்சத்தை ஆராய்வதற்கென்றே டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இயங்குகிறது. கொரோனா தொற்றுக் காலத்தில் திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களிடம் மனக்கலக்கம் சற்றுக் குறைவாக இருந்தது என்ற முடிவு அந்தக் குழுவினர் பங்கேற்ற ஆய்வில் வந்ததுதான். ஆனால் அதில் பதில் சொன்னவர்கள் பெரியவர்கள். திகில்தான் அவர்களை வலிமையாக்கியதா, வலிமையானவர்கள் திகிலை நாடினார்களா என்பதையும் அது பிரித்துக் காட்டவில்லை. அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மருந்துச் சீட்டாக எழுதித் தர எனக்கு மனம் வராது.

தென்னங்கீற்று எழுதியது:

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். என் மகனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அவன் கேட்ட ஒரு நாவலை வாங்கிக் கொடுத்தேன். அது சிறுவர்களுக்கான திகில் நாவல்தான். அட்டையில் ஒரு பாழடைந்த வீடு, பின்னட்டையில் பத்து வயதுக்கு மேல் என்ற குறிப்பு. நான்கு பக்கம் புரட்டினேன். இரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. கொடுத்துவிட்டேன்.

அந்தக் கதையில் இறந்துபோன பாட்டி திரும்பி வருகிறாள். குரல் அவளுடையதுதான், அன்பாகத்தான் பேசுகிறாள், ஆனால் அது அவள் இல்லை. என் தாயார் இறந்து அப்போது ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. அவன் பாட்டியின் மடியிலேயே வளர்ந்தவன்.

மூன்று வாரம் அவன் சரியாகத் தூங்கவில்லை. காரணம் கேட்டபோதெல்லாம் வயிற்று வலி என்றான். கடைசியில் அவனுடைய அம்மாவிடம், "பாட்டி வந்தால் நான் கதவைத் திறக்கணுமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறான். அந்தக் கேள்வியை இன்றைக்கு எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குக் குறையில்லை. வேறொரு பிள்ளைக்கு அது நல்ல கதை. என் மேல்தான் குறை. வாங்கிக் கொடுத்தபோது, "நீதான் ஆசைப்பட்டாய், பிறகு பயந்தேன் என்று வந்து நிற்கக் கூடாது" என்று நான் சொல்லியிருந்தேன். அவன் அந்த வார்த்தையைக் காப்பாற்றினான். மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

நள்ளிரவு வாசகன் எழுதியது:

தென்னங்கீற்று ஐயா, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் முதல் பதிவில் ஒரு வரியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிடலாம் என்று எழுதினேன். மூடினால் அவமானம் என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு இருந்தும் இல்லாததுதான் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆனாலும் தடையைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. 1954இல் அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர், சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் செனட் குழு விசாரணை நடத்தியது; பதிப்பாளர்களே தங்களுக்கு ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். அதன்படி 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களைத் தலைப்பில் போடவே முடியாமல் போனது. இரத்தக் காட்டேரியும் ஓநாய் மனிதனும் நடக்கும் பிணமும் பக்கங்களிலிருந்து துரத்தப்பட்டன. மறு ஆண்டில் பிரிட்டன் இதற்கென்று ஒரு சட்டமே இயற்றியது. வெர்த்தமின் குறிப்பேடுகள் பிற்காலத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, பிள்ளைகள் சொன்னவற்றை அவர் மாற்றியும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தார் என்பதை 2012இல் கரோல் டில்லி என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். பிள்ளைகளின் மேலுள்ள அக்கறையில் தொடங்கியதுதான் அதுவும். அச்சம் பெரியவர்களைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் சொல்வது காதில் விழாமல் போய்விடுகிறது என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறேன்.

தமிழ் படித்தவர் எழுதியது:

முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த உரையாடலைப் படிக்கும்போது, உள்ளத்து உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தைச் சொல்லி, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்று அது வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு என்பது பேயும் பூதமும் வருத்தும் தெய்வமும். விலங்கும் கள்வரும் விளக்கம் வேண்டாதவை. 'தம் இறை' என்பது நம்மை ஆள்பவர், நம்மேல் அதிகாரம் உள்ளவர்.

ஒரு திகில் நாவலைப் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் இந்த நான்கில் எது அதில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆற்றங்கரை அவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அணங்கினால் வரும் அச்சம் பெரும்பாலும் கேளிக்கையாகிவிடுகிறது. விலங்கும் அப்படியே. கள்வர் வரும்போது கொஞ்சம் உறைக்கும், கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை சரிபார்ப்பாள். நான்காவது அப்படிப்பட்டதில்லை. பிள்ளைக்கு இறை யார்? பெற்றோர்தான், ஆசிரியர்தான், வீட்டில் சோறு போட்டுக் கதவைப் பூட்டும் பெரியவர்தான். காப்பவரே கொல்ல வருவதாக ஒரு கதை சொல்லும்போது, ஓடி ஒளிய ஓர் இடமும் மிச்சம் இருப்பதில்லை.

ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களும் இதை உணர்ந்திருக்க வேண்டும். 1812இல் வந்த முதற்பதிப்பில் ஸ்னோ வொயிட்டைக் கொல்லச் சொன்னவள் அவளைப் பெற்ற தாய். பிற்பதிப்புகளில் அவளை மாற்றாந்தாயாக ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் ஹான்செல், கிரெட்டல் கதையிலும் இதே மாற்றம் நடந்தது. சூனியக்காரியை அடுப்பில் தள்ளும் காட்சியையோ, பொல்லாத அரசி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பில் ஆடிச் சாகும் காட்சியையோ அவர்கள் எடுக்கவில்லை. அவ்வளவு கொடுமையையும் விட்டுவைத்தவர்களுக்குப் பெற்ற தாயை மட்டும் அங்கே நிறுத்தி வைக்க மனம் வரவில்லை. மாற்றாந்தாய்கள்மேல் அது சுமத்திய பழி வேறு கதை. அதை இங்கே விரிக்கவில்லை.

அச்சத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றும் உண்டு. அருவருப்பை உள்ளடக்கிய இளிவரலைத் தொல்காப்பியம் தனி மெய்ப்பாடாக வைக்கிறது. குடலும் குருதியுமாகப் பக்கம் பக்கமாக எழுதுவது இந்த இரண்டாவது வகை. அச்சம் வாசகனின் புலன்களைக் கூர்மையாக்கும், அருவருப்பு அவற்றைச் சுருங்க வைக்கும். இதைப் போன்ற ஒரு பிரிவினையை ஆங்கிலத்தில் ஆன் ராட்கிளிஃப் என்ற நாவலாசிரியர் செய்தார். அவர் மறைந்த பின் 1826இல் வெளியான கட்டுரையில், ஒரு வகை அச்சம் உள்ளத்தை விரிக்கும், மற்றொன்று உறைய வைக்கும் என்று எழுதினார். என் மாணவர்களுக்கு நான் கதை தேர்ந்தெடுத்தபோதெல்லாம் இந்தக் கோட்டைத்தான் பார்த்தேன்.

கல்லூரி முதலாண்டு எழுதியது:

எனக்குப் பத்தொன்பது வயது. இங்கே எல்லோரும் பெற்றோர் பக்கத்திலிருந்து எழுதுவதால் மறுபக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பதின்மூன்று வயதில் நான் திகில் நாவல் படித்துக்கொண்டிருந்தபோது என் அம்மா ஒவ்வொரு நாளும், "பயமாக இருக்கிறதா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. பயமாக இருக்கிறது என்றால் புத்தகம் போய்விடும். அதனால் எப்போதும் இல்லை என்பேன். அவர், "இப்போது எந்த இடத்தில் இருக்கிறாய், அந்த வீட்டுக்குள் ஏன் போனார்கள்?" என்று கேட்டிருந்தால் நான் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன், பயந்த இடமும் அதில் வெளியே வந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு தந்திரம் தெரியும்: தாங்க முடியாவிட்டால் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவோம். யார் பிழைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் நடுவில் எதையும் தாங்கலாம். அதை ஏமாற்று என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பள்ளி நூலகர் எழுதியது:

கல்லூரி முதலாண்டு சொன்னது எனக்குப் பெரிய உதவி. நானும் நூலகத்தில் புத்தகம் திரும்பி வரும்போது "பயமாக இருந்ததா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மணற்கடிகாரத்தின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கான திகிலுக்கும் பெரியவர்களுக்கானதற்கும் உள்ள வேறுபாட்டை இரத்தத்தின் அளவில் தேடக் கூடாது என்று நினைக்கிறேன். 1992இல் தொடங்கிய கூஸ்பம்ப்ஸ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி அத்தியாயங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு திடுக்கிடல், அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அந்தத் திடுக்கிடல் பல நேரம் அக்காவின் விளையாட்டாகவோ வீட்டு நாயாகவோ முடிந்துவிடும். இறுக்கிப் பிடித்து உடனே விட்டுவிடும் இந்த முறையில் பிள்ளை பயத்துக்குப் பழகுகிறது. மேலும் அந்தக் கதைகளில் என்ன செய்வது என்று யோசித்துச் செயல்படுவது பிள்ளைகள்தான். பெரியவர்களுக்கான திகிலில் பிடி விடாமல் முந்நூறு பக்கம் நீளும், பல நேரங்களில் கடைசியிலும் விடாது. அதில் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் பலியாவதற்காகவே வருகிறார்கள்.

நான் ஒரு புத்தகத்தைப் படிக்கும்போது, அதிலுள்ள பிள்ளைக்கு ஏதாவது செய்யும் வல்லமை இருக்கிறதா, அவளை நம்பும் ஒருவராவது இருக்கிறாரா என்று பார்ப்பேன். பாலியல் வன்முறை, தற்கொலையை விரிவாக வர்ணிக்கும் பகுதி, வலியைச் சுவைத்து எழுதிய சித்திரவதை ஆகியவை இருந்தால் பன்னிரண்டு வயதுக்குத் தர மாட்டேன்; பேய் எவ்வளவு நல்ல பேயாக இருந்தாலும் சரி. 'டிராகுலா' போன்ற பழைய நாவல்களைச் சற்று மூத்த பிள்ளைகளுக்குத் துணிந்து தருகிறேன். 1897இல் வந்த அந்த நாவல் பெரும்பாலும் நாட்குறிப்பும் கடிதமுமாக நகர்கிறது. ஒருவர் உட்கார்ந்து எழுதியதைப் படிக்கிறோம் என்ற உணர்வே ஒரு தூரத்தைக் கொடுத்துவிடுகிறது.

ஆற்றங்கரை எழுதியது:

தூக்கத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒரு நாளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை எட்டு முதல் பத்து மணி நேரமும் தூக்கம் தேவை. பரபரப்பான புத்தகம் படுக்கையறைக்குப் போனால் முதலில் குறைவது அதுதான். பகலில், மற்றவர்கள் நடமாடும் இடத்தில் படிப்பது எளிய வழி. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டாலோ, காரணம் தெரியாத வயிற்று வலி, தலைவலி வந்தாலோ, தனியாக இருக்க மறுத்தாலோ, பள்ளிக்குப் போக அஞ்சினாலோ பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஓரிரு இரவு கெட்ட கனவு வருவதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

மணற்கடிகாரம் எழுதியது:

ஐந்து இரவுகளில் புத்தகத்தைப் படித்து முடித்தேன். எல்லோருடைய பதிவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

பேய் வரும் பகுதிகளில் எதுவும் என்னைத் தயங்க வைக்கவில்லை. ஆனால் 212ஆம் பக்கத்தில் தொடங்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் பேய் இல்லை. குடித்துவிட்டு வரும் தகப்பன், கதவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை, பதினேழு பக்கம். தமிழ் படித்தவர் ஐயா சொன்ன 'தம் இறை' அதுதான். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அவளுடைய நெருங்கிய தோழி ஒருத்தியின் வீட்டில் இருப்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தென்னங்கீற்று ஐயாவின் பதிவைப் படித்திருக்காவிட்டால் அந்த அத்தியாயத்தை நான் சாதாரணமாகத் தாண்டியிருப்பேன்.

நேற்று மாலை மகளோடு உட்கார்ந்து பேசினேன். அந்த அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல், வர்ணனை இல்லாமல் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் சொன்னதை யாராவது நம்பினார்களா?" என்று கேட்டாள். கடைசியில் ஓர் ஆசிரியை நம்புகிறார் என்றேன். "எந்தப் பக்கத்தில்?" என்றாள். 540 என்றேன். "அவ்வளவு தூரம் கழித்தா" என்று மட்டும் சொன்னாள்.

படிக்கலாம் என்றே முடிவெடுத்திருக்கிறேன். பகலில், கூடத்தில் படிக்க வேண்டும். அந்தப் பதினேழு பக்கங்களை நான் உடன் இருக்கும்போது சேர்ந்து படிப்போம், அல்லது அவள் விரும்பினால் தாண்டிவிடலாம். எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஏன் நிறுத்தினாய் என்று நான் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பள்ளி நூலகர் எழுதியது:

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் ஓராண்டு காத்திருக்கச் சொல்லியிருப்பேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தடுத்த பக்கத்தை அவள் தனியாகத் தேடிப் படித்துவிட மாட்டாளா என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது.

மணற்கடிகாரம் எழுதியது:

படித்துவிடலாம், அம்மா. அந்த வாய்ப்பையும் எண்ணித்தான் உள்ளே என்ன இருக்கிறது என்பதை முன்பே சொன்னேன். அவள் தனியாகப் படித்தாலும் அது அவளுக்குத் தெரியாத அறையாக இருக்காது. படித்த பிறகு என்னிடம் வந்து சொல்ல முடியும் என்பதுதான் எனக்கு வேண்டும்.

தென்னங்கீற்று எழுதியது:

தம்பி எப்படி இருக்கிறான்?

மணற்கடிகாரம் எழுதியது:

கேட்டதற்கு நன்றி, ஐயா. நடையில் ஒரு சிறு விளக்கை இரவு முழுக்க எரிய விட்டிருக்கிறோம். குளியலறைக்கு அவனுடைய அக்காவே கூடப் போகிறாள். வாசலில் நின்றுகொண்டு, அவன் வெளியே வரும்வரை பள்ளியில் நடந்ததைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முந்தாநாள், "கதவு வரைக்கும் வந்தால் போதும்" என்று அவனே சொன்னான். அவள் இப்போது 131ஆம் பக்கத்தில் இருக்கிறாள்.